ஆபீஸ் மாதிரி ஒரு வீடு

சிவகாசிப் பக்கம் என்னை இன்ஜினீயர் என்று யாரும் சொல்வதில்லை. 'செட் மேடம்' என்றுதான் சொல்வார்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. பிழைப்பு முழுக்க நான் வரைந்தது பட்டாசு ஆலைகளின் செட்டுகளைத்தான், அதாவது ஆட்கள் உட்கார்ந்து வெடி செய்கிற தனித்தனிக் கட்டடங்களை. செட்டுக்கு நான்கு சுவர். எதிரும் புதிருமாகக் கதவுகள். கதவு ஒவ்வொன்றும் வெளிப்பக்கம்தான் திறக்க வேண்டும். உள்ளே இருப்பவர் ஓடி வந்து முட்டினால் வழிவிட வேண்டும். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. ஒரு செட்டுக்கும் அடுத்த செட்டுக்கும் நடுவே கல்யாணப் பந்தல் போடுகிற அளவுக்கு வெற்றிடம், அதில் வேப்பங்கன்று. இதை வரைய மூளை வேண்டாம், ஸ்கேல் போதும் என்பார் என் வீட்டுக்காரர். அவர் காலண்டர் அச்சகத்தில் வேலை பார்க்கிறார். வளர்பிறை முகூர்த்தத்தைத் தேய்பிறை என்று அச்சடித்து ஊரெல்லாம் அனுப்பி வைத்த அச்சகம் அது. மூளையைப் பற்றி அவர் பேசலாமா?

எங்கள் ஊர் வழக்கத்தில் பட்டாசு ஆலைக்குப் பெயர் ஆபீஸ். பட்டாசு செய்தால் பயர் ஆபீஸ், தீக்குச்சி அடுக்கினால் தீப்பெட்டி ஆபீஸ். வீட்டு வாசலில் நின்று அம்மா எங்கே என்று கேட்டால், ஆபீஸ் போயிருக்காக என்று பிள்ளை சொல்லும். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுவிட்டு, அடேயப்பா, இந்த ஊரில் கூலிக்கு மாரடிக்கிறவர்கள் எல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வதுண்டு. இந்த ஒரு வார்த்தையால் வந்த கூத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

வெடி விபத்தில் தாயையோ தகப்பனையோ இழந்த பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்க ஓர் இல்லம் கட்ட வேண்டும் என்று எங்கள் பகுதியில் ஒரு குழு கூடியது. குழுத் தலைவர் பெரிய பட்டாசு முதலாளி. சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. நல்ல மனுஷன், கொடுக்கிற கை. ஆனால் கொடுத்த கை எது என்று எழுதி வைக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. கோயிலுக்கு அவர் வாங்கிக் கொடுத்த டியூப் லைட்டில் 'உபயம்' போட்டு அவர் பெயரையும், அப்பா பெயரையும், ஆலையின் பெயரையும் எழுதியதில் மிச்சம் இருந்த கொஞ்ச இடத்தில்தான் வெளிச்சம் வரும். பஸ் நிறுத்தத்தில் அவர் போட்டுக் கொடுத்த சிமெண்ட் பெஞ்சில் எழுத்தைப் புடைப்பாக வார்த்திருந்தார்கள். வெயில் காலத்தில் அரை மணி நேரம் சாய்ந்து உட்கார்ந்தால் அவர் பெயர் முதுகில் பதிந்துவிடும்.

ஆமத்தூர் தாண்டி அவருடைய நிலத்திலேயே கட்டுவதென்று முடிவானது. கரிசல் மண். கோடையில் வெடிப்பு விட்டால் கால் செருப்பு உள்ளே போய்விடும், மழை பெய்தால் செருப்போடு காலும் போய்விடும். ஆகவே அஸ்திவாரத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அஸ்திவாரத்துக்கு மேலே இருப்பதற்குச் சென்னையிலிருந்து ஓர் ஆலோசகரை வரவழைத்தார்கள். கைத்தறிச் சட்டை, தோள்பை, நெற்றியில் ஏற்றி வைத்த கண்ணாடி. முதல் கூட்டத்திலேயே அவர் சொன்னார், இது ஹாஸ்டல் மாதிரி இருக்கக் கூடாது, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கக் கூடாது, ஹோம்லியாக இருக்க வேண்டும் என்று. அந்த வார்த்தையை நான் அதுவரை மாப்பிள்ளை வீட்டார் வாயில்தான் கேட்டிருக்கிறேன். படித்திருக்க வேண்டும், சம்பாதிக்க வேண்டும், ஆனால் ஹோம்லியாக இருக்க வேண்டும் என்பார்கள். கட்டடத்துக்கும் அதே கதிதான் போல.

அண்ணாச்சிக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடித்துவிட்டது. அதைத் தமிழாக்கி, வீடு மாதிரி இருக்கணும், வீடு மாதிரி இருக்கணும் என்று ஜெபம் மாதிரி சொல்ல ஆரம்பித்தார்.

ஒரு வரைபடம் போட்டுக் கொண்டுவரச் சொன்னார்கள். நானும் உட்கார்ந்து போட்டேன். மனசு வீட்டைத்தான் நினைத்தது, சத்தியமாக. கைதான் கேட்கவில்லை. அறைக்கு நாலு கட்டில் போட்டது. எதிரெதிரே இரண்டு கதவு வைத்தது, இரண்டையும் வெளிப்பக்கம் திறந்தது. அறைக்கு அறை இடம் விட்டு நடுவில் வேப்பமரம் வேறு நட்டுவிட்டது. குழுவில் விரித்துக் காட்டினேன். அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். ஏம்மா, பிள்ளைகளை உள்ளே வைப்பதற்கும் வெடிமருந்து லைசென்ஸ் வாங்க வேண்டுமா என்று கேட்டார். மற்றவர்கள் அவர் சிரித்து முடித்த பிறகும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த கூட்டத்துக்கு ஆலோசகர் தெர்மாகோலில் ஒரு பொம்மை வீடே செய்து கொண்டுவந்தார். அழகுக்குக் குறைச்சல் இல்லை. முகப்பில் மரத்தூண். நடுக்கூடத்தில் ஊஞ்சல். கான்கிரீட் கூரைக்கு மேலே, ஓட்டு வீடு என்று நம்ப வைக்க, அலங்கார ஓடு. வாசலில் ஓர் ஆட்டுக்கல். அதில் யாரும் மாவு ஆட்டக் கூடாதாம், தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிட வேண்டுமாம். ஒவ்வொரு அறைக்கும் ஒரே வாசல், உள்பக்கம் திறக்கும் கனத்த கதவு, வெளியே பித்தளைத் தாழ்ப்பாள், பூட்டு. ஒற்றை வாசல்தான் அரவணைப்பைக் கொடுக்கும் என்று ஆலோசகர் விளக்கினார். அண்ணாச்சி பொம்மை ஊஞ்சலை விரலால் ஆட்டிப் பார்த்தார். முடிவாகிவிட்டது. அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்தோம்.

இதற்குள் உபயம் பிரச்சினை வேறு கிளம்பிவிட்டது. எங்கள் பக்கம் வாசக்கால் வைப்பது சின்னக் காரியம் இல்லை. நிலைக்கு மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, கற்பூரம் காட்டி வைக்க வேண்டும். அதனால் நன்கொடையாளர்கள் எல்லோருக்கும் கதவுதான் வேண்டும். கதவு கொடுத்தால் தம்பதியாக நின்று பூஜை செய்யலாம், படம் எடுக்கலாம், கதவில் உபயம் என்று பெயர்ப்பலகை அடிக்கலாம். கட்டில், மின்விசிறி, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி வரைக்கும்கூட ஆள் கிடைத்தது. செப்டிக் டேங்க் மூடிக்கு மட்டும் புண்ணியவான் ஒருவரும் முன்வரவில்லை. கதவுகள் எல்லாம் முதல் வாரத்திலேயே தீர்ந்துவிட்டன.

பிள்ளைகளின் கருத்தையும் கேட்க வேண்டும் என்று ஆலோசகர்தான் சொன்னார். அவர் சொன்ன உருப்படியான விஷயம் அது ஒன்றுதான், அதற்காக அவரை இன்றைக்கும் மன்னிக்கிறேன். சாத்தூர்ப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண்ணை அவளுடைய தாய்மாமன் கூட்டி வந்தார். அந்த வருஷம் பிளஸ் டூ போக வேண்டியவள். கூடவே மூன்றாம் வகுப்புப் படிக்கிற தங்கச்சி. தகப்பன் பல வருஷத்துக்கு முன்பே வீட்டை விட்டுப் போனவன், அம்மா விபத்தில் இறந்துவிட்டாள். மாமன் லாரியில் லோடு ஏற்றுகிறவர். அவருக்கே மூன்று பிள்ளைகள், ஒற்றை அறை வீடு. ஸ்கூல் திறப்பதற்குள் இல்லத்தில் இடம் கிடைத்தால் அக்காவும் தங்கச்சியும் படிப்பார்கள். இல்லாவிட்டால் பெரியவள் படிப்பை நிறுத்திவிட்டு மாமன் வீட்டிலேயே உட்கார்ந்து வெடிக்குக் காகிதக் குழாய் உருட்ட வேண்டியதுதான், சின்னவளும் நாளைக்கு அதையே பழக வேண்டியதுதான். இதை மாமன் மறைக்கவில்லை. என்னால் முடிந்தது அம்புட்டுத்தான் என்று கையைப் பிசைந்துகொண்டு சொன்னார்.

அந்தப் பெண்ணைப் பொம்மை வீட்டின் முன்னால் நிறுத்தினார்கள். ஆலோசகர் குனிந்து அவள் உயரத்துக்கு வந்து, இதுதான் உன் வீடு, பிடித்திருக்கிறதா என்று கேட்டார். அவள் ஊஞ்சலைப் பார்க்கவில்லை. ஆட்டுக்கல்லைப் பார்க்கவில்லை. ஒரு அறையின் சுவரைச் சுற்றிச் சுண்டுவிரலால் தடவிக்கொண்டே வந்தாள். முழுச் சுற்றும் வந்துவிட்டு நிமிர்ந்தாள்.

"வீடு மாதிரி வேணாம் சார். ஆபீஸ் மாதிரி கட்டுங்க. இப்படித்தான் கட்டுவீகன்னா நானும் தங்கச்சியும் வரல."

ஆலோசகர் முகம்தான் முதலில் மலர்ந்தது. என்ன ஒரு லட்சியம் பாருங்கள், இந்த வயதிலேயே ஆபீஸ் சூழல் வேண்டும் என்கிறாளே என்று கை தட்டினார். அடுத்த வாரமே திருத்திய வரைபடத்தை அனுப்பிவிட்டார். அறைதோறும் கம்ப்யூட்டர் மேஜை, சுழலும் நாற்காலி, முகப்பில் கண்ணாடித் தடுப்பு போட்ட வரவேற்பறை. ஊஞ்சலைத் தூக்கிவிட்டு அங்கே காத்திருப்போர் சோபா போட்டிருந்தார்.

அண்ணாச்சிக்கு அந்த வார்த்தையின் அர்த்தம் நன்றாகத் தெரியும், அதுதான் வம்பு. அவர் முகம் கறுத்துவிட்டது. பயர் ஆபீஸ் மாதிரி கட்டு என்று என் முகத்துக்கு நேராகச் சொல்கிறதே இந்தப் பிள்ளை, குத்திக் காட்டுகிறதா என்று என்னிடம் தனியாகக் குமுறினார். நாளைக்கு யாராவது வந்து, அநாதைப் பிள்ளைகளை ஆலைக்குள் அடைத்து வைத்திருக்கிறார் என்று பேப்பரில் போட்டுவிட்டால் தன் பெயர் என்ன ஆகும் என்றார். மாமனுக்கோ உயிரே போய்விட்டது. வாயைத் திறக்காம நில்லுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே என்று அவளைத் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். சின்னவள் மட்டும் திரும்பித் திரும்பிப் பொம்மை ஊஞ்சலைப் பார்த்துக்கொண்டே போனாள்.

எனக்கும் ஒரு அர்த்தம் தோன்றத்தான் செய்தது. படிப்பு வேண்டாம், ஆபீஸ் வேலைக்குப் போகிறேன் என்று மறைமுகமாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். சீசன் போனஸ், புதுச்சேலை, கூட வேலை பார்க்கிற பிள்ளைகளோடு வேனில் அரட்டை என்று எத்தனையோ பிள்ளைகள் அப்படிப் போயிருக்கிறார்கள். வந்த எரிச்சலில் இவளுக்கு நாலு வார்த்தை புத்தி சொல்லாமல் விடுவதில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் மாமன் வீட்டுக்கே கிளம்பிவிட்டேன். புத்தி சொல்வதில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை.

போனால், வாசலில் உட்கார்ந்து குழாய் உருட்டிக்கொண்டிருந்தாள். காகிதத்தைப் பசையில் ஒற்றி, கம்பியில் சுற்றி, ஒரே இழுப்பில் உருவிப் போடுகிற வேலை. கை நிற்கவே இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து முக்காலியைத் தன் பாவாடையாலேயே துடைத்துப் போட்டாள். நான் உட்கார்ந்ததும் புத்தி சொல்ல ஆரம்பித்துவிட்டேன். ஆபீஸ் வேலை எத்தனை நாளைக்கு, படித்தால் என்ன ஆகலாம், பெரிய மனுஷர்கள் இவ்வளவு செய்யும்போது முகத்தில் அடித்த மாதிரி பேசலாமா என்று ஒரு பாட்டம் பாடி முடித்தேன். அவள் முழுவதையும் கேட்டாள். பிறகுதான் சொன்னாள்.

அவள் அம்மா முன்பு ஒரு பயர் ஆபீஸில் வேலை பார்த்தாளாம். ஒரு தடவை பக்கத்து அறையில் தீப்பிடித்தது. அம்மா எதிர்க்கதவில் முட்டினாள், கதவு திறந்துகொண்டது, ஓடி வந்துவிட்டாள். முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். அந்த ஆபீஸை மூடிய பிறகு வேறு வேலை கிடைக்கவில்லை. ஓர் ஏஜெண்ட் மருந்தையும் திரியையும் வீட்டிலேயே கொண்டுவந்து கொடுத்துப் பட்டாசு செய்யச் சொன்னான். வீட்டில் வைத்துச் செய்வது சட்ட விரோதம் என்று ஊருக்கே தெரியும். சோதனைக்கு ஆள் வந்தால் வீட்டில் யாரும் இல்லை என்று தெரிய வேண்டும். அதற்கு ஊரில் எல்லோரும் செய்கிற ஒரு வழியைத்தான் அம்மாவும் செய்தாள்.

"அம்மா உள்ள இருந்துக்கிட்டு, வெளியே பூட்டிட்டுப் போகச் சொல்வாக. பூட்டிட்டு நான் ஸ்கூலுக்குப் போயிருவேன். சாயங்காலம் வந்து தெறந்து விடுவேன்," என்றாள். கை குழாயை உருட்டிக்கொண்டேதான் இருந்தது. "அன்னைக்கும் சாவி என் ஜாமெட்ரி பாக்ஸ்லதான் இருந்துச்சு மேடம்."

நான் குனிந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பசையில் ஒற்றினேன். கம்பியில் சுற்ற வரவில்லை.

அவளே மறுபடி பேசினாள். "எங்க வீட்டுக்கு ஒத்த வாசல். அந்தப் பொம்ம வீட்டுலயும் ஒத்த வாசல்தான், வெளிய பூட்டு. எம்புட்டு அழகா இருந்தாலும் அதுக்குள்ள என் தங்கச்சியப் படுக்க வைக்க மாட்டேன்."

வீடு மாதிரி, வீடு மாதிரி என்று நாங்கள் இத்தனை மாதமாகச் சொன்னதெல்லாம் அவள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள்தான் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மறுநாள் காலையிலேயே என்னுடைய பழைய வரைபடத்தை, அதுதான், ஊரே சிரித்ததே, அதைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். விஷயம் முழுவதையும் சொன்னேன். அவர் கண் கலங்கியது உண்மை. துண்டால் துடைத்துக்கொண்டார். துடைத்து முடித்ததும், அதெல்லாம் சரிதாம்மா, ஆனாலும் அறைக்கு ரெண்டு வாசல் முடியாது என்றார்.

"பொம்பளப் பிள்ளைக இருக்க எடம். ஒரு வாசல்ல வார்டன் நிப்பா, இன்னொண்ணுல யாரு நிக்கிறது? ஓடிப்போயிட்டா யாரு பதில் சொல்றது?"

"ஓடுறதுக்குத்தான அண்ணாச்சி கதவு. ஒங்க ஆபீஸ்ல அதுக்குத்தான வச்சிருக்கீக."

"அது சரக்கு இருக்க எடம்மா."

"இது பிள்ளைக இருக்க எடம்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கு அவருக்கு முன்னாலேயே வந்துவிட்டது. வேலை செய்கிறவள் தீயிலிருந்து ஓடினால் அது பாதுகாப்பு. அவள் மகள் ஓடுவாளோ என்று தோன்றினாலே அது மானக்கேடு. நல்ல நியாயம். சுற்றுச்சுவர் இருக்கிறது, வாசலில் காவலாளி இருக்கிறார், அறைக்கதவு வழியாக எங்கே போய்விடுவாள், நிலத்தில் நிற்கிற வேப்பமரத்தடிக்குப் போவாள் என்று கத்தினேன். அவர் வீட்டம்மா காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சண்டை முடிந்ததும் குடிங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சண்டை முடியவில்லை. காபி ஆறியது. நான் எழுந்து வந்துவிட்டேன்.

ஸ்கூல் திறக்க இன்னும் மூன்று மாதம்தான் இருந்தது. தளத்தில் சுவர் இடுப்பு உயரம் வந்துவிட்டது. நான் தினமும் போய்க் கொத்தனாரிடம் எரிந்து விழுந்துவிட்டு வருவேன். மாமன் ஒரு நாள் போன் பண்ணி, பெரியவளின் டிசியை ஸ்கூலில் வாங்கி, படிப்பை நிறுத்திவிடட்டுமா என்று கேட்டார். இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்றேன். எதை நம்பிப் பொறுக்கச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

காப்பாற்றியது அண்ணாச்சியின் சம்பந்திதான். மகளைக் கட்டிக் கொடுத்த இடம், ராஜபாளையத்தில் நூல் மில். அவரும் இல்லத்துக்கு நன்கொடை கொடுத்தார், கொஞ்சம் தாமதமாக. கதவுதான் எல்லாம் தீர்ந்துவிட்டதே, ஆகவே தரைக்கு அடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டிக்கு அவர் பெயரைப் போட்டுவிட்டார்கள். பெயர்ப்பலகை தொட்டி மூடியில், மூடி மண்ணோடு மண்ணாக. சம்பந்தி வந்து பார்த்தார். தன் பெயரைத் தானே மிதித்துக்கொண்டு நிற்கிறோம் என்பது அவருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. வந்த காலோடு காரில் ஏறிப் போய்விட்டார். அடுத்த வாரம் அண்ணாச்சியின் பேரன் காது குத்துக்கு அந்த வீட்டிலிருந்து யாருமே அண்ணாச்சியைக் கூப்பிடவில்லை. சொந்தப் பேரன். தாய்மாமன் என்ற முறையில் அண்ணாச்சியின் மகன் மடியில் வைத்துக் குத்த வேண்டிய காது.

அண்ணாச்சியே போன் பண்ணினார். ஏம்மா, எங்கனயாவது ஒரே ஒரு கதவு மிச்சம் இருக்குமா என்று கேட்டார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு கதவு என்ன அண்ணாச்சி, அறைக்கு ஒரு கதவு கூடுதலாக வைத்தால் உங்கள் சம்பந்திக்கு ஒரு வரிசையே கொடுக்கலாமே என்றேன். ஒவ்வொரு வாசக்காலுக்கும் தம்பதியாக வந்து நிற்கலாம், ஒவ்வொரு கதவிலும் பெயர் போடலாம், வேப்பமரப் பக்கம் கிழக்குப் பார்த்த வாசல், முதல் வெயில் அவர் பெயரில்தான் விழும் என்று அளந்துவிட்டேன்.

"பிள்ளைக ஓடிராதுல்ல?" என்றார்.

"ஒங்க சம்பந்தி பேரைத் தள்ளிக்கிட்டு எந்தப் பிள்ளை அண்ணாச்சி ஓடும்?"

சரி, கதவ வையி என்று சொல்லிவிட்டார். சொந்தப் பேரன் காது வாழ்க.

அடுத்து ஆலோசகர். அவரிடம் ஆபீஸ் என்றால் என்ன என்று சொன்னேன். ஒரு விபத்து நடந்த வீட்டைப் பற்றியும் சொன்னேன், யார் என்று சொல்லவில்லை. நெற்றிக் கண்ணாடி மூக்குக்கு இறங்கியது. வரைபடத்தில் சுழலும் நாற்காலிகளை அவர் கையாலேயே கோடு போட்டு அடித்துவிட்டு, ஊஞ்சலாவது இருக்கட்டுமா என்று என்னிடம் அனுமதி கேட்டார். சின்னவள் திரும்பித் திரும்பிப் பார்த்தது நினைவுக்கு வந்தது. ஊஞ்சல் இருக்கட்டும் சார் என்றேன்.

கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று குழுவில் யாரும் கேட்கவே இல்லை. உபயப் பலகை எந்தப் பக்கம் வரும் என்று மட்டும் கேட்டார்கள். வெளியே திறந்த கதவு சுவரோடு ஒட்டிக்கொண்டால் பெயர் மறைந்துவிடுமே என்று சம்பந்தி கவலைப்பட்டார், அதனால் இரண்டு பக்கமும் பலகை அடித்தோம். ஆசாரி மட்டும் பழக்க தோஷத்தில் வெளிப்பக்கமும் தாழ்ப்பாள் பொருத்திக்கொண்டு வந்தார். நான் நின்று எல்லாவற்றையும் கழற்ற வைத்தேன். உள்ளே ஒரு சின்னத் தாழ்ப்பாள், வெளியே ஒன்றும் கிடையாது. வெளியே பூட்டு இல்லாத கதவை இந்த ஊரிலேயே இப்போதுதான் செய்கிறேன் என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். பயர் ஆபீஸ் கதவு செய்ததில்லையா என்று கேட்டேன். அது ஆபீஸ், இது வீடுல்ல என்றார். அவரோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

ஸ்கூல் திறப்பதற்கு முந்தின வாரம், இல்லத்தின் திறப்பு விழா அன்று ஆமத்தூர் சாலையில் கார் நிற்க இடமில்லை. சரவெடி மட்டும் வேண்டாம் என்று நான் கெஞ்சிக் கேட்டுக்கொண்டிருந்தேன். பட்டாசு முதலாளி வீட்டு விசேஷத்தில் வெடி இல்லையா என்று நாலு பேர் முகம் சுளித்தாலும், அண்ணாச்சி அந்த ஒரு விஷயத்தில் என் பேச்சைக் கேட்டார், அவரைக் குறை சொல்லவே கூடாது. சம்பந்தி வந்திருந்தார், பட்டு வேட்டியில், வேப்பமரப் பக்கம் ஒவ்வொரு கதவாகப் போய்த் தன் பெயரைப் படித்துக்கொண்டே. மாமன் ஒரு ரெக்ஸின் பையோடு ஓரமாக நின்றார். பக்கத்தில் அக்காவும் தங்கச்சியும். வந்து பார்ப்பதாக மட்டும்தான் பெரியவள் சொல்லியிருந்தாள். தங்குவதாகச் சொல்லவில்லை. ஸ்கூலில் வாங்கிவிட்ட அவள் டிசி மாமனின் சட்டைப் பையில் மடித்தபடி இருந்தது.

நான் எதிர்பார்க்காத ஒன்றை அண்ணாச்சி ஏற்பாடு செய்திருந்தார். வெள்ளித் தட்டு, அதில் சிவப்புப் பட்டு, பட்டின் மேல் ஒரு முழ நீளத்தில் பித்தளைச் சாவி. போட்டோவுக்கென்றே வார்க்கச் சொன்னது, தண்டில் உபயம் என்று பொறித்தது. முதல் பிள்ளையின் கையில் வீட்டுச் சாவியைக் கொடுக்கிற மாதிரி படம் எடுக்க வேண்டுமாம். நான் நாலு பேரை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடுவதற்குள் தட்டு அவள் முன்னால் போய்விட்டது. இந்தா தாயி, ஒங்க வீட்டுச் சாவி, வாங்கிக்கோ என்று அண்ணாச்சி சிரித்த முகமாக நீட்டினார். அவருக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் அந்த நிமிஷத்தில் அவருக்குக் கேமரா மட்டும்தான் தெரிந்தது.

அவள் கை மேலே எழவில்லை. சாவியையே பார்த்துக்கொண்டு நின்றாள். போட்டோக்காரர், பாப்பா கொஞ்சம் சிரி என்றார். அவள் கூட்டத்துக்குள் தேடி என்னைக் கண்டுபிடித்தாள்.

"இது எந்தக் கதவுக்கு மேடம்?"

"எந்தக் கதவுக்கும் இல்ல தாயி. வெளியே பூட்டுறதுக்கு இங்கன ஒரு கதவுலயும் ஒண்ணுமில்ல. நீயே போய்ப் பாரு."

அண்ணாச்சிக்கு அப்போதுதான் உறைத்தது. சாவியைச் சட்டென்று பட்டுத் துணியால் மூடி, தட்டோடு பின்னால் நின்றவர் கையில் திணித்தார். மன்னிச்சிரு தாயி என்று சொன்னது எனக்குக் கேட்டது. கேமரா அதையும் எடுத்திருக்கும்.

அவள் தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். ஊஞ்சலைக் கடந்து முதல் அறைக்குள் நுழைந்தாள். கதவை வெளிப்பக்கமாகத் திறந்து மூடி, அதன் வெளிப்புறத்தை விரலால் தடவிப் பார்த்தாள், பொம்மை வீட்டில் தடவிய மாதிரியே. தாழ்ப்பாள் இல்லை, நாதாங்கி இல்லை, உபயக்காரர் பெயர் மட்டும்தான் இருந்தது. எதிர்க்கதவையும் பார்த்தாள், அதில் சம்பந்தியின் பெயர் மட்டும். பிறகு தங்கச்சியைக் கொண்டுபோய்ச் சுவரோரக் கட்டிலில் படுக்க வைத்தாள். நாங்கள் எல்லோரும் வாசலில் கும்பலாக நின்று பார்த்துக்கொண்டிருந்தோம், சாமி பார்க்கிற மாதிரி.

"கண்ண மூடிக்கோ. நான் சொன்னதும் எந்திரிச்சு ஓடு. எதுல முட்டுறியோ அதத் தள்ளு," என்றாள்.

சின்னவள் கண்ணை இறுக்கி மூடினாள். அக்கா சொன்னதும் எழுந்து, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினாள். முழு வேகத்தில் எதிர்க்கதவில் போய் முட்டினாள். கதவு திறந்துகொண்டது. அவள் வெயிலுக்குள் போய் வேப்பமரத்தின் பக்கத்தில் நின்று கண்ணைத் திறந்தாள். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள்.

"இன்னொரு தடவ," என்றாள் பெரியவள்.

சின்னவள் திரும்பி வந்து படுத்தாள். மறுபடியும் ஓடினாள், மறுபடியும் கதவு திறந்தது. அப்புறம் பெரியவள் மாமன் தோளிலிருந்த ரெக்ஸின் பையைத் தானே கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். மாமன் சட்டைப் பையிலிருந்து டிசியை எடுத்து, இங்கத்து ஸ்கூலில் சேர்த்துவிடும்படி என்னிடம் நீட்டினார். வெளியே வேப்பமரத்தடியில் சம்பந்தி, அந்தப் பிள்ளை இடிச்சுக்கிட்டே இருக்கே, பலகை கழண்டு விழுந்திராதா என்று ஆசாரியிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.